மஞ்சள் வயிற்றுப் புலி அந்து: புதிய இனம் என்று எப்போது சொல்லலாம்?

இரவு ஸ்டோர் (பூண்டுலோயா)

எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாப் பக்கத் தோட்டம் ஒன்றில் ஸ்டோரில், அதாவது தேயிலை செய்கிற இடத்தில், இரவு வேலை செய்கிறேன். கொழுந்து வாட்டும் மாடியில் விடியும்வரை விளக்கு எரியும். வெளிச்சுவர் வெள்ளைச் சுண்ணாம்பு. மழை விட்ட இரவுகளில் அந்துப்பூச்சிகள் அந்தச் சுவர் முழுக்க வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருடமாக ஃபோனில் படம் எடுத்து வைக்கிறேன்.

மூன்று கிழமைக்கு முன் ஒன்று வந்தது. முன்சிறகு பாலாடை நிறம். நடுவில் நீளவாக்கில் தார் பூசிய மாதிரி ஒரு கறுப்புக் கோடு, அதைத் தாண்டி இரண்டு கறுப்புத் துண்டுகள். சிறகைக் கொஞ்சம் விரித்தபோது வயிறு தெரிந்தது. நல்ல மஞ்சள், நடுவே கறுப்புப் புள்ளி வரிசை. தேடிப் பார்த்ததில் கிரியேட்டோனோட்டஸ் கேங்கிஸ் என்ற புலி அந்துதான் கிட்ட வருகிறது. ஆனால் நான் பார்த்த படங்களில் எல்லாம் அதற்கு வயிறு சிவப்பு.

அதே கிழமை இன்னொன்றும் வாசித்தேன். 2009இல் கனடாவில் டோடியா டராண்டஸ் என்ற வடக்குப் புலி அந்தைப் புதிய இனம் என்று விவரித்திருக்கிறார்கள். அதன் படத்தையும் அதற்கு நெருங்கிய பழைய இனத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவ்வளவு ஒத்துப்போகிற இரண்டே வேறு வேறு என்றால், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இருக்கிற வித்தியாசம் போதாதா? ஓர் இனத்தைப் புதிது என்று விவரிப்பது என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்கரப்பத்தனை டீச்சர்

தம்பி, படம் நன்றாக இருக்கிறது. முதலில் ஒரு சின்ன விளக்கம், இழையை வாசிக்கிற பிள்ளைகளுக்காக. புலி அந்து என்பது ஒரே ஒரு பூச்சி இல்லை, பெரிய கூட்டம். நம் பக்கத்தில் இவற்றின் புழுக்களைப் பொதுவாகக் கம்பளிப்பூச்சி என்கிறோம், யாழ்ப்பாணத்தார் மசுக்குட்டி, மயிர்க்கொட்டி என்பார்கள். கிலுகிலுப்பைச் செடியின் காய்க்குள் தலையை விட்டுத் தின்னும் கறுப்பு வெள்ளைப் புழுவும் இந்தக் கூட்டம்தான். ஆமணக்கில் ஏறுகிற மயிர் அடர்ந்த புழுவும் அப்படியே.

பூச்சியைப் பார்த்த திகதி, நேரம், அன்றைக்கு மழையா மூடுபனியா, இதெல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்களா?

இரவு ஸ்டோர்

திகதியும் நேரமும் ஃபோனில் இருக்கிறது டீச்சர். மற்றதை எழுதவில்லை.

நுண்நோக்கி

கம்பஸில் விலங்கியல் படித்துவிட்டு அந்துப்பூச்சிகளோடு நான்கு வருடம் இருந்தவள் நான். கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, நீங்கள் கேட்ட கேள்வி மிகச் சரியான இடத்தில் இருக்கிறது. வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருக்கும் இரண்டு வேறு இனங்களாக இருக்கலாம். வெளியே துலக்கமாக வேறுபடும் இரண்டு ஒரே இனமாகவும் இருக்கலாம். ஐரோப்பாவில் ஆர்க்டியா கஜா என்று ஒரு புலி அந்து இருக்கிறது, 1758இல் லின்னேயஸ் பெயரிட்டது. ஒரே தாயின் முட்டையில் வந்த பிள்ளைகளுக்குக்கூடச் சிறகுக் கோலம் ஒன்றுபோல இருக்காது. அதனால் நிறம் என்ற ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

டோடியா விஷயத்தில் நடந்தது இதற்கு மறுபக்கம். டோடியா என்பது சாதி, டராண்டஸ் என்பது இனம். பாடப்புத்தகத்தில் சாதி, இனம் என்று படித்தோமே, அதேதான். இந்தச் சாதி சைபீரியாவிலும் வட அமெரிக்காவின் வடக்கிலும் மட்டும் இருக்கிறது. மெல்லிய, சாம்பல் கலந்த சிறகு. நாம் புலி என்று சொன்னதும் நினைக்கிற வரிகளும் சிவப்பும் அதில் இல்லை. 1901இல் டயர் என்பவர் டோடியா அல்பர்ட்டேயை விவரித்தார். நூற்றெட்டு வருடம் கழித்து ஷ்மிட், மக்காலே என்ற இருவர், அதை ஒத்த இன்னொன்று தனி இனம் என்று காட்டினார்கள். காட்டியது இரண்டு வழியில்: இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பு, மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ.

உறுப்பு அமைப்பைப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் வேலையின் பெரும்பகுதி அதுதான். காய்ந்த பூச்சியின் வயிற்றை மட்டும் மெதுவாக ஒடித்து எடுப்போம். பத்து வீதப் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் கரைசலில் ஊறவைத்தால் தசையும் கொழுப்பும் கரைந்து கடினமான பாகம் மட்டும் மிஞ்சும். மெல்லிய தூரிகையால் செதில்களைத் துடைப்போம். சாயம் ஏற்றுவோம். ஆணாக இருந்தால் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் இரண்டு தகடுகள் இருக்கும், அவற்றை விரித்து வைப்போம். உள்ளே இருக்கும் குழாயின் நுனிப்பையைக் காற்றோ திரவமோ செலுத்தி வெளியே புரட்டுவோம், சட்டைக் கையை உள்ளிருந்து வெளியே புரட்டுவது மாதிரி. அந்தப் பையில் இருக்கும் முட்கள், மடிப்புகள், அவற்றின் இடம் எல்லாம் இனத்துக்கு இனம் வேறுபடும். ஓர் இனத்துக்குள்ளே மட்டும் அவ்வளவாக மாறாது. பிறகு கண்ணாடித் தகட்டில் பிசினுக்குள் பதித்துவிட்டால் நூறு வருடம் கழித்தும் யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

என் முதல் பத்துத் தகடுகளும் பாழ். நுனிப்பை கிழிந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் கை பழகியது.

டிஎன்ஏ பற்றி ஒரு எச்சரிக்கை. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் இருக்கும், எல்லா விலங்குக்கும் பொதுவான ஒரு மரபணுத் துண்டின் 658 எழுத்துகளை ஒப்பிடுவது இப்போது வழக்கம். எளிது, வேகமானது. ஆனால் அதையே முழுச் சாட்சியாக எடுத்தால் ஏமாறலாம். அதே ஷ்மிட், ஸ்பெர்லிங்கோடு சேர்ந்து 2008இல் கிராமியா என்ற வட அமெரிக்கப் புலி அந்துகளைப் பார்த்தார். அந்தச் சாதியில் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் கோடும் இனங்களின் எல்லையும் பல இடத்தில் ஒத்துப்போகவில்லை. அதனால்தான் எலும்பும் எழுத்தும் போல இரண்டு சாட்சி வேண்டும் என்கிறேன். பூச்சிக்கு எலும்பு இல்லை, ஆனாலும் அந்தக் கடினத் தகடுகள் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கின்றன.

எட்மன்டன் மலையகத்தான்

நான் தலவாக்கலையில் பிறந்து வளர்ந்தவன், இப்போது அல்பர்ட்டாவில். பூச்சி எனக்குத் தெரியாது. ஆனால் தங்கச்சி சொன்ன அந்த டோடியா வாழ்கிற மாதிரி நிலத்தில் நடந்திருக்கிறேன், அதைப் பற்றிச் சொல்கிறேன்.

வடக்கே போகப் போகக் காடு குள்ளமாகும். கரிய ஸ்புரூஸ் மரங்கள், எல்லாம் மெலிந்து, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் வயது நூறுக்கும் மேல் இருக்கலாம். தரை முழுக்க ஸ்பாக்னம் பாசி. காலை வைத்தால் பஞ்சு மெத்தை, அடுத்த அடி முழங்கால் வரை தண்ணீர். பாசிக்கு மேலே ஒரு குட்டிச் செடி, இலையின் அடிப்பக்கம் துருநிற மயிர். அதன் பெயர் லாப்ரடார் டீ. பூர்வகுடி மக்கள் அதைக் கொதிக்க வைத்துக் குடிப்பார்கள். தேயிலைக்கும் அதற்கும் உறவு இல்லை, ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் நான் குனிந்து ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தேன். வேறு வாசம்.

அங்கே விளக்குப் போட்டு அந்து பிடிப்பது கஷ்டம் என்று ஒருவர் சொன்னார். ஜூன் மாதம் எட்மன்டனிலேயே இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, இன்னும் வடக்கே இருட்டே வராது. அதனால் பகலில் செடிகளைக் கலைத்துக்கொண்டு வலையோடு நடப்பார்களாம். நுளம்பு ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் அளவு.

டராண்டஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? கரிபு என்ற கலைமானின் அறிவியல் பெயரில் இருக்கும் சொல் அது. அந்த மான் நடக்கிற நிலத்துப் பூச்சிக்கு அந்த மானின் பெயர். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

நுண்நோக்கி

அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. இடம் தெரியாமல் பூச்சி புரியாது. வடக்கே பல புலி அந்துகளுக்கு முட்டையிலிருந்து சிறகு வருவதற்கு இரண்டு வருடம் ஆகிறது, கோடை அவ்வளவு குட்டை. சில புழுக்கள் குளிர்காலத்தில் உறைந்தே கிடக்கும். உடம்பில் கிளிசரோல் சேர்த்துவைப்பதால் சாவதில்லை. நம் மலையில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே வருடத்தில் பல தலைமுறை ஓடிவிடும்.

2000இல் கனடாவின் யூக்கான் பகுதியிலிருந்து ஆர்க்டியா பிராக்கிப்டெரா என்று ஒன்றை விவரித்தார்கள். பெயரின் பொருள் குட்டைச் சிறகு. ஒரு பெயரைப் பார்த்ததும் உடம்பு தெரிகிறது, இன்னொரு பெயரைப் பார்த்ததும் நிலம் தெரிகிறது.

மழைக்காடு

நான் கேட்பதைத் தவறாக எடுக்கவேண்டாம். நுண்நோக்கி அக்கா சொன்ன எல்லாமே செத்த பூச்சியில் செய்கிற வேலை. அழகான ஓர் உயிரைப் பிடித்துக் கொன்று, வயிற்றை ஒடித்து, அப்புறம் அதற்குப் பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. இப்போது ஃபோனிலேயே இவ்வளவு தெளிவாகப் படம் வருகிறது. படத்தை வைத்தே விவரிக்கக் கூடாதா?

நுண்நோக்கி

தவறாக எடுக்கவில்லை. நானும் முதல் நாள் அழுதேன்.

படத்தை வைத்து விவரித்தது உண்டு. 2015இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு ஈ இனத்தைப் படங்களை மட்டும் வைத்து விவரித்தார்கள், அதைத் தொடர்ந்து உலகம் முழுக்கப் பூச்சியியலாளர்களிடையே பெரிய சண்டை. அதற்கு முன் 2006இல் அருணாசலப் பிரதேசத்தில் ஒரு பறவை. மிகவும் அரிது என்பதால் கொல்லவில்லை. வலையில் பிடித்து, அளந்து, படம் எடுத்து, உதிர்ந்த சிறகுகளை மாதிரியாக வைத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். அந்த மண்ணின் புகுன் மக்களின் பெயரையே அதற்கு வைத்தார்கள், புகுனோரம். ராமனா அத்ரேயா செய்தது. அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்து வேறு. உள்ளுறுப்பைப் பார்க்காமல் இரண்டைப் பிரிக்க முடியாத இனங்கள் ஏராளம். படத்தை வைத்துப் பெயர் கொடுத்துவிட்டால், நாளைக்கு அதே மாதிரி இரண்டாவது பூச்சி வரும்போது அந்தப் பெயர் எதற்குச் சொந்தம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குத்தான் ஹோலோடைப் என்று ஒரே ஒரு மாதிரியைக் குறித்து வைக்கிறோம். 1999க்குப் பிறகு வந்த பெயர்களுக்கு, பெயரைத் தாங்கும் மாதிரி எது என்று குறிப்பிடுவது கட்டாயம். பெயர் அந்த ஒற்றை உடம்போடு கட்டப்பட்டிருக்கும். சந்தேகம் வந்தால் எவரும் நூதனசாலைக்குப் போய் அந்த உடம்பைக் கேட்கலாம்.

இன்னொன்று. ஹோட்டன் சமவெளி போன்ற இடத்தில் அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியையும் எடுக்கக் கூடாது. தோட்டத்துக்குள் என்றாலும் ஆய்வு என்று இறங்கினால் பல்கலைக்கழகம் அல்லது நூதனசாலை ஊடாக, வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு செய்வதே முறை. இழையை வாசித்துவிட்டு யாரும் வலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகவேண்டாம்.

இரவு ஸ்டோர்

மழைக்காடு சொன்னதை யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஸ்டோரில் காலையில் கூட்டுகிற அக்கா விளக்குக்குக் கீழே செத்துக்கிடக்கும் பூச்சிகளை ஒரு முறத்தில் அள்ளிக் குப்பையில் கொட்டுவார். பல்லி தின்றது போக மிச்சம். அது பயன்படுமா?

நுண்நோக்கி

நிச்சயம் பயன்படும். சிறகு உடைந்திருந்தாலும் வயிறு முழுசாக இருந்தால் தகடு செய்யலாம். ஒரு தீப்பெட்டியில் பஞ்சு இல்லாமல், மெல்லிய கடதாசிக்கு மேல் வையுங்கள். பஞ்சில் நகம் சிக்கிக் கால் கழன்றுவிடும். ஈரம் இருந்தால் நம் மலையில் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும், அரிசியை வறுத்து ஆறவைத்து ஒரு துணிப்பொட்டலமாகப் பெட்டிக்குள் போடுங்கள்.

பீல்ட் ஐயா

இந்தப் பெயர்ச் சண்டையெல்லாம் படித்தவர்களுக்கு, நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நான் முப்பது வருடம் மலையில் நின்றவன். ஷாட் ஹோல் போரர் தெரியாத தோட்டம் இல்லை. தேயிலைக் கிளையில் ஊசித்துளை, அதற்குள்ளே வண்டு பூஞ்சணம் வளர்த்துத் தின்னும், காற்றடித்தால் கிளை முறியும். இந்த வண்டை 1868இல் ஐகாஃப் என்பவர் இலங்கை மாதிரியிலிருந்து ஃபோர்னிகேட்டஸ் என்று விவரித்தார். ஒன்றரை நூற்றாண்டு ஒரே பெயர்தான். பிறகு கலிஃபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் தென்னாப்பிரிக்காவிலும் வண்டு மரங்களைச் சாகடிக்கத் தொடங்கியதும் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே மாதிரித் தெரிகிற பல இனங்கள். 2019 அளவில் முடிவு வந்தது. அந்த ஊர்களில் மரங்களைக் கொல்லும் இனத்துக்குத்தான் பழைய ஃபோர்னிகேட்டஸ் பெயர் போனது. தேயிலை வண்டு என்று உலகம் சொன்னதற்கு பெர்பிரேவிஸ் என்று பெயர்.

பெயர் தப்பாக இருந்த காலத்தில், ஒன்றைப் பற்றிச் செய்த ஆய்வை மற்றதற்குப் பொருத்திப் பார்த்திருப்பார்கள். எந்த மரத்தில் ஏறும், எந்தப் பூஞ்சணத்தைச் சுமக்கும் என்ற எல்லாமே பெயரில் தொங்குகிறது. அதையும் தீர்த்தது, பழைய மாதிரி உடம்பைப் போய்ப் பார்த்ததுதான்.

பழைய லயத்தான்

பெரியவன் என்பதால் கொஞ்சம் பழைய கதை பேசுகிறேன். எங்கள் தோட்டத்தில் வேலைக்குப் போனால் "பேர் விழுந்ததா?" என்றுதான் கேட்போம். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழுந்தால் அன்றைய சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். என் அம்மா காய்ச்சலோடு மலைக்குப் போய் அரைப் பேரோடு வந்த நாளெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. பேர் என்றால் எங்களுக்கு அப்படி ஒரு பாரம்.

பூண்டுலோயா என்று வாசித்ததும்தான் எழுத வந்தேன். அந்த ஊர்ப் பெயர் லண்டனில் பூச்சி குத்தி வைத்த ஊசிகளின் லேபிளில் எழுதியிருக்கிறது என்று ஒரு பேராசிரியர் ஒருமுறை சொன்னார். உண்மையா? உண்மை என்றால், அந்தப் பூச்சிகளைப் பிடித்துக் கொடுத்தவர்கள் யார்? துரை இரவில் தனியாக மலையேறிப் பிடித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நுண்நோக்கி

ஐயா, உண்மைதான். எர்னஸ்ட் கிரீன் என்பவர் பூண்டுலோயாவில் இருந்தார். பின்னாளில் பேராதனையில் அரசாங்கப் பூச்சியியலாளர். அவர் சேர்த்த அந்துகள் பலவற்றை ஜார்ஜ் ஹாம்ப்சன் விவரித்தார். ஹாம்ப்சனே நீலகிரியில் தோட்டம் வைத்திருந்தவர். இலங்கை அந்துகளைப் பற்றிய அவருடைய நூல் 1893இல் வந்தது. அதைத் திறந்தால் பூண்டுலோயா என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும்.

அதற்கு முன்னால் ஃபிரெடரிக் மூர். இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகள், அந்துகள் பற்றிய அவருடைய மூன்று தொகுதிகள் 1880 முதல் 1887 வரை வந்தன. அவர் எழுதியது லண்டனில் இருந்து. அந்தப் படங்களை வரைந்தவர்கள் இங்கே, டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள், வில்லியமும் ஜார்ஜும். புழுவையும் கூட்டுப்புழுவையும் உயிரோடு வைத்துப் பார்த்து வரைந்த படங்கள் அவை. இன்றைக்கும் ஒரு புழுவை அடையாளம் காண அவற்றைத்தான் திறக்கிறேன். அவர்கள் பெயராவது பதிவாகியிருக்கிறது. லாந்தர் பிடித்தவர்கள், புழு கொண்டுவந்த பிள்ளைகள், அவர்கள் பெயர் எந்த லேபிளிலும் நான் பார்த்ததில்லை. ஐயா கேட்டது நியாயமான கேள்வி.

அதனால்தான் நான் இந்தத் தம்பி அண்ணாமாருக்கு லேபிள் பற்றி ஒன்று சொல்கிறேன். பிடித்தவர் பெயர் என்று ஒரு வரி லேபிளில் கட்டாயம் உண்டு. அதை எழுதுவது நம் கையில்.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம். கேங்கிஸ் என்ற நம் அந்துக்கு லின்னேயஸ் 1763இல் பெயர் வைத்தார். நான்கு வருடம் கழித்து, 1767இல், அதே இனத்துக்கு இன்டரப்டா என்று இன்னொரு பெயரையும் அவரே வைத்துவிட்டார். முந்தியது நிலைக்கும் என்பது விதி, இன்டரப்டா இப்போது மறுபெயர்ப் பட்டியலில் கிடக்கிறது. லின்னேயஸுக்கே அப்படி என்றால், ஒரு படத்தைப் பார்த்ததும் புதிது என்று சொல்வதற்கு முன் நாம் எத்தனை பழைய பெயரைப் புரட்ட வேண்டும் என்று பாருங்கள். இனத்தை விவரிப்பதில் முக்கால்வாசி நேரம் அதற்குத்தான் போகும். உடம்பை வெட்டுவது கால்வாசி.

இரவு ஸ்டோர்

நேற்று நடந்ததை எழுதுகிறேன். கை இன்னும் பரபரக்கிறது.

மாலை வேலைக்கு ஏறினேன். இருட்டிக் கொஞ்ச நேரம்தான். மாடி ஜன்னலுக்கு வெளியே மானாப்புல் தாளில் அதே பூச்சி, அதே மஞ்சள் வயிறு. டோர்ச் அடித்தேன். வயிற்று நுனியிலிருந்து ஏதோ வெளியே வந்தது. முதலில் இரண்டு, பிறகு நான்கு. குழாய் மாதிரி, பலூன் ஊதுவது போல மெல்ல ஊதி, மேல்நோக்கி வளைந்து நின்றது. முழுக்க சாம்பல் மயிர். ஒவ்வொன்றும் கிட்டத்தட்டப் பூச்சியின் உடம்பு நீளம். கூட வேலை செய்கிற அண்ணன் பார்த்துவிட்டு, ஏதோ புழு உள்ளே இருந்து தின்றுவிட்டு வெளியே வருகிறது, கிட்டப் போகாதே என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கொஞ்ச நேரத்தில் நான்கும் உள்ளே சுருங்கிவிட்டன, பூச்சி பறந்துபோனது. வீடியோ போட்டிருக்கிறேன். பாருங்கள்.

அக்கரப்பத்தனை டீச்சர்

மூன்று தடவை பார்த்துவிட்டேன். என் பிள்ளைகளுக்கு நாளைக்குக் காட்டலாமா தம்பி?

நுண்நோக்கி

அண்ணா, அது புழு இல்லை. அந்தப் பூச்சி நலமாக இருக்கிறது. அவை ஆணின் வாசனை உறுப்புகள், கோரிமேட்டா என்பார்கள். கிரியேட்டோனோட்டஸ் ஆண் தன் இணையை அழைப்பதற்கு அந்தக் குழாய்களைக் காற்றால் ஊதி விரிக்கும். நான் இதை உயிரோடு ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குழாய் எவ்வளவு பெரிதாகும் என்பது, அது புழுவாக இருந்தபோது தின்றதைப் பொறுத்தது. கிலுகிலுப்பை போன்ற சில செடிகளில் பிரோலிசிடின் என்ற கசப்பு நஞ்சு இருக்கிறது. தேயிலைக்குள்ளே முளைக்கும் வெள்ளைப் பூக்கொத்துக் களையிலும், அதுதான் அஜராட்டம், அதே வகை நஞ்சு உண்டு. அதைத் தின்று வளர்ந்த ஆணுக்குக் குழாய் பெரிது, வாசமும் இருக்கும். நஞ்சே கிடைக்காமல் வளர்ந்தால் குழாய் சிறுத்துவிடும், வாசம் உண்டாகாது. உங்கள் வீடியோவில் இருப்பவன் நன்றாகத் தின்று வளர்ந்தவன்.

ஆக, சாதி உறுதி. கோட்டின் அமைப்பும் சேர்ந்து பார்த்தால் இது கேங்கிஸ்தான் என்று சொல்வேன். வயிறு பெரும்பாலும் சிவப்பு, அபூர்வமாக மஞ்சள் என்பது இந்த இனத்தில் ஏற்கெனவே பதிவான விஷயம். நீங்கள் எதிர்பார்த்த பதில் இல்லை என்று தெரியும். ஆனால் நீங்கள் பார்த்தது பொய்யில்லை, வித்தியாசம் உண்மையானது. அது இனத்துக்கு உள்ளே இருக்கும் வித்தியாசம்.

எட்மன்டன் மலையகத்தான்

எனக்கே மனசு கொஞ்சம் வாடிவிட்டது. பூண்டுலோயென்சிஸ் என்று ஒரு பெயரை மனசுக்குள் வைத்துப் பார்த்திருந்தேன்.

இரவு ஸ்டோர்

அண்ணே, எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. இரவு முழுக்க யோசித்தேன். ஆனால் அந்த நான்கு குழாய்களைப் பார்த்த பிறகு, பெயர் 1763இல் வைத்ததாக இருந்தால் என்ன என்று தோன்றுகிறது. என் சுவரில் வந்து உட்கார்ந்த பூச்சி, அதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கிறது.

ஒரு கேள்வி. மஞ்சள் வயிறு எங்கள் ஸ்டோருக்கு எத்தனை வருகிறது, சிவப்பு எத்தனை வருகிறது என்று எண்ணினால் யாருக்காவது பயன்படுமா?

நுண்நோக்கி

மிகவும். ஒரு வருடம் தொடர்ந்து எண்ணுங்கள். நிலவு நாளில் குறையும், மழை விட்ட இரவில் கூடும், அதனால் வானத்தையும் எழுதுங்கள். ஒரு பூச்சியும் வராத இரவையும் பூச்சியம் என்று எழுதுங்கள். அந்த மாதிரிக் கணக்கு நம் மலையில் எந்த அந்துக்கும் என் கையில் இல்லை. கூட்டுகிற அக்காவிடம் சொல்லி மஞ்சள் வயிறும் சிவப்பு வயிறும் தலா ஐந்தாறு எடுத்து வையுங்கள். அனுமதி, நூதனசாலை விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு நிறத்துக்கும் தகடு செய்து ஒப்பிடுவோம். உறுப்பில் வித்தியாசம் இருந்தால் அப்போது இந்த இழைக்குத் திரும்ப வருவேன்.

மழைக்காடு

செத்ததை மட்டும் எடுக்கிறீர்கள் என்றால் எண்ணுவதற்கு நானும் சேர்கிறேன். நான் இருப்பது நானுஓயாவில். ஸ்டேஷன் விளக்கில் நிறைய வரும்.

இரவு ஸ்டோர்

இன்று காலை அக்கா ஒன்று எடுத்துத் தந்தார். மஞ்சள் வயிறு, இடது சிறகு பாதி இல்லை. தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன், அரிசிப் பொட்டலமும் போட்டாயிற்று. லேபிள் எழுதியிருக்கிறேன்: ஊர், உயரம், திகதி, விளக்கின் கீழ் இறந்து கிடந்தது. எடுத்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரைக் கேட்டேன். "என் பேரா, எதுக்கு?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு சொல்லி, எழுத்துக்கூட்டி எழுத வைத்தார்.

இடத்தைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஸ்டோர் என்று எழுதவா, தேயிலைத் தொழிற்சாலை என்று எழுதவா?

பழைய லயத்தான்

ஸ்டோர் என்றே எழுதுங்கள் தம்பி. அடைப்புக்குள் தொழிற்சாலை என்று போட்டால் வெளியூர்க்காரருக்கும் புரியும்.

நுண்நோக்கி

அப்படியே. கறுப்புப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். ஆங்கிலத்தில் இரண்டாவது லேபிள் ஒன்றும் வேண்டும். ஒரே ஊசியில் இரண்டும் ஏறும், தமிழ் மேலே இருக்கட்டும்.